மருணீக்கியார் மீண்ட வழி
பெரியபுராணத்தில் வழிவழிச் சமயம் பற்றிய ஓர் ஆய்வு

வன்னி நாட்டில் ஊர்ப்பெயர்கள் பல குளம் என்னுஞ் சொல்லில் முடிவன. மதவாச்சியிலிருந்து மன்னார் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த செட்டிகுளமும் அவற்றுள் ஒன்று. இத்தகைய ஊர்களிற் குளந்தொட்டவர் யாவர் என்பது பெரும்பாலும் செவிவழிக் கதையாகவே எஞ்சி நிற்கும். ஆயின், மாரிக்கு முன் குளக்கட்டைச் சுற்றிப் பார்த்து, உடைப்பை அடைத்து, துருசைத் துப்புரவு செய்வார் இல்லையேல் குளம் இல்லை. குளம் இல்லையேல் வயல் இல்லை. வயல் இல்லையேல் ஊரும் இல்லை. முன்னோர் வைத்துச் சென்றவற்றுட் சில, பெற்ற அளவிலேயே பெற்றவனுக்கு உரியவாகிவிடும். வேறு சில, ஒவ்வொரு தலைமுறையும் பேணினாலன்றித் தங்கமாட்டா. குளம் இரண்டாம் வகையினது. சமயமும் அவ்வகையினதே.

பிறந்த வீட்டின் சமயம் ஒருவனுக்கு எவ்வாறு உரியதாகின்றது? பிறப்பினாலா, கற்பித்தலினாலா, அன்றித் தானே ஆராய்ந்து தெளிதலினாலா? இவ்வினா நூலோர்க்கு மட்டும் உரியதன்று. விஞ்ஞானமும் பிறசமய நூல்களுங் கற்ற மாணவன் ஒருவன், விடுமுறையில் ஊருக்கு மீண்டு, பொங்கற் பானைக்கு முன் கைகூப்பி நிற்கும் பாட்டியின் அருகே நிற்கும்போது, அவ்வழிபாட்டில் தனக்கு இடமுண்டோ இல்லையோ என்று தடுமாறுகின்றான். அவனுக்கு உலகம் இரண்டு விடைகளைக் கூறுகின்றது. முன்னோர் செய்தனர், ஆதலாற் கேளாது செய் என்பது ஒன்று. மெய்ப்பிக்க இயலாதது, ஆதலால் விட்டுவிடு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வினாவைத் தீர்ப்பன அல்ல, வினாவைத் தவிர்ப்பன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான், திருநாவுக்கரசர் வரலாற்றின் வாயிலாக மூன்றாவது விடையொன்றைக் குறிப்பாற் கூறியுள்ளார். அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவுக்கரசர் வரலாற்றை அறியாத சைவ மாணவர் இலர். ஆறுமுக நாவலர் 1852 இற் பெரியபுராணத்தை வசனநடையில் அச்சிட்டு வெளியிட்ட பின்னர், அடியார் வரலாறுகள் வீட்டுத் திண்ணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எளிதில் வந்து சேர்ந்தன. ஆயினும், 429 செய்யுள்களாற் சேக்கிழார் விரித்த ஒரு வரலாறு, சோதனைத்தாளில் எழுதுதற்கென நான்கு வாக்கியங்களாகச் சுருங்கிவிடுகின்றது. சைவராய்ப் பிறந்தார், சமணர் ஆயினார், சூலைநோய் வந்தது, மீண்டு பதிகம் பாடினார். இச்சுருக்கத்தினின்றும் இளையோர் உய்த்துணரும் நீதி, வீட்டுச் சமயத்தை விட்டவனைக் கடவுள் நோயால் ஒறுப்பார் என்பதேயாம். அச்சத்தினாற் கட்டப்பட்ட பத்தி எத்துணைக் காலம் நிற்கும்? நோய் தீர்க்கும் மருந்து வேறிடத்திற் கிடைத்தவுடன் அது கழன்றுவிடும். சேக்கிழார் கூறியது இதுதானா என்பதை மூலத்தை வைத்தே காணல் வேண்டும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் திலகவதியாரும் அவருக்குப் பின் மருணீக்கியாரும் பிறந்தனர். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் புகழனார் இறந்தார். மாதினியார் உடன் சென்றார். போர்மேற் சென்ற கலிப்பகையாரும் களத்தில் மாண்டார். அவருக்கே உரியவளாயினேன் என்று திலகவதியாரும் உயிர்விடத் துணிந்தபோது, தம்பி அடியில் வீழ்ந்து, தமக்கை இல்லையேல் தாம் அவருக்கு முன்னரே உயிர்விடுவதாகக் கூறினார். தம்பி வாழ்தல் வேண்டும் என்னும் ஒரே கருத்தினால் திலகவதியார் உயிர் தாங்கினார். மருணீக்கியார் தம் வீட்டினின்றும் பெற்ற முதற்செல்வம் இதுவேயாம். அது கொள்கையன்று; தம்பொருட்டு மற்றொருவர் உயிரோடிருத்தல். இவ்வரலாற்றைப் படிப்பார் இதனை முதலிலே மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பின் நிகழ்வன யாவும் இதனையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றன.

வளர்ந்த மருணீக்கியார் செய்தவற்றைச் சேக்கிழார் நிரல்படக் கூறுகின்றார். அறச்சாலை அமைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலை வளர்த்தார், குளந்தொட்டார், விருந்தினரை ஓம்பினார், புலவர்க்கு வழங்கினார். இத்தகையவரே பின்பு வீட்டுச் சமயத்தை விட்டு நீங்கினார். ஒழுக்கங் கெட்டவன்றான் சமயம் மாறுவான் என்னும் எளிய கூற்றுக்கு இங்கு இடமில்லை. நீங்கியதற்குக் காரணங் கூறுமிடத்தும் சேக்கிழாரின் சொல்லாட்சி மிகவுங் கவனிக்கத்தக்கது. உலகின் நிலையாமையைக் கண்டு, சமயங்களுள் நல்வழி யாது என்று தெரிந்துணர விரும்பியே அவர் சென்றார் என்கின்றார். இறைவன் அப்போது அருளாமையாற் சமணஞ் சார்ந்தார் என்றும் கூறுகின்றார். சேக்கிழாருக்குச் சமணம் உவப்பன்று. அதனை அச்செய்யுளிலேயே பழிக்கவுஞ் செய்கின்றார். ஆயினும், சென்றவரின் தேட்டத்தைப் பழிக்கவில்லை. சென்ற இடத்தையே பழித்தார். தேடியவரையும் தேடிச்சென்ற இடத்தையும் இவ்வாறு பிரித்து நோக்குதல் சமயப்பற்று மிக்க ஒரு புலவரிடத்து எளிதிற் காணப்படாத நேர்மையாகும்.

பாடலி நகரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அங்குள்ள நூல்கள் யாவற்றையும் மருணீக்கியார் கற்றுத் துறைபோயினார். தருமசேனர் என்னும் பட்டமும் பெற்றார். வாதிற் பௌத்தரை வென்றார். இவற்றையெல்லாம் சேக்கிழார் மறைக்கவில்லை. பிற்காலத்து நாவுக்கரசர் தம் பதிகங்களில் அவ்வாண்டுகளை நினைந்து நினைந்து வருந்துகின்றார் என்பது உண்மையே. எனினும், அவ்வாண்டுகள் முற்றும் வீணாயினவோ என்பது வேறு வினா. உடலின் நிலையாமையையும் புறச்சடங்கின் போதாமையையும் அவர் பாடும்போது தோன்றும் கூர்மை, ஒன்றை அகத்தும் புறத்தும் நின்று கண்டவர்க்கே வாய்ப்பது. வீட்டைவிட்டு வெளியே செல்லாதவன் தன் வீட்டின் முகப்பைக் கண்டதில்லை.

தம்பி சென்ற பின் தமக்கை யாது செய்தார்? இவ்வினாவே வரலாற்றின் உயிர்நிலை. திலகவதியார் பாடலிக்குச் சென்று வாதாடவில்லை. தம்பியை உறவு நீக்கி வைக்கவுமில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, புலருமுன் எழுந்து, கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். ஒவ்வொரு நாளும் அதுவே தொழில். தம்பியை மீட்டருளல் வேண்டும் என்று பலகாலும் இறைவனிடம் வேண்டினார். இறைவன் கனவிற்றோன்றி, அவன் முற்பிறப்பிலே எம்மை அடையத் தவஞ்செய்த முனிவன். சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று உணர்த்தினார். தம்பிக்கு நோய் வருமுன்னரே அவரை மீட்கும் ஏற்பாடு தமக்கையின் வேண்டுதலுக்கு விடையாகத் தொடங்கிவிட்டது. ஆகவே, சேக்கிழார் வைத்த முறையில் சூலை ஒறுப்பன்று, விடை. இம்முறைவைப்பை விட்டுவிட்டு நோயை மட்டும் எடுத்துக்கொள்வதனாலேயே பாடப்புத்தகத்துச் சுருக்கம் பொருள் மாறிவிடுகின்றது.

இங்கு ஒரு தடை எழும். விடையாயினும் நோய் நோயே. வயிற்றைப் பிடித்து இழுத்து வரப்பட்டவன் தானே விரும்பி வந்தவன் ஆவானோ என்று வினவலாம். தடை வலியதே. இதற்கு விடை, நோய் எதுவரை செய்தது, எங்கே நின்றது என்று பார்ப்பதிலுள்ளது. சமணர் தம் மந்திரங்களாற் சூலையைத் தீர்க்க முயன்று இயலாது கைவிட்டனர். அவ்வளவே நோயின் தொழில். அது பழைய துணையை நீக்கியது. புதிய வழியைக் காட்டவில்லை. அந்நிலையில் தருமசேனர் கோயிலை நினைக்கவில்லை; தமக்கையை நினைத்தார். தமக்கு உணவு சமைப்பவனைத் திருவதிகைக்கு அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று திலகவதியார் மறுத்துவிட்டார். இம்மறுப்பு வன்மையானது, ஆயினும் பொருளுடையது. அவர் சென்றிருப்பின் நோயாளியைக் கண்டுவந்த தமக்கையாகவே நின்றிருப்பார்; தம்பி மீளவேண்டிய இடம் என ஒன்று இல்லாது போயிருக்கும். காப்பவர் தம் இடத்தில் நின்றாலன்றி மீள்பவர்க்குத் திசை தெரியாது. பாயுடையையும் உறியிலிட்ட குண்டிகையையும் மயிற்பீலியையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, அன்புடையார் தாங்கிவர, இரவோடிரவாகத் தருமசேனர் தாமே நடந்தார். அந்நடையை நோய் தொடங்கிவைத்தது. முடித்துவைத்தது அவருடைய துணிவு.

அடியில் வீழ்ந்த தம்பி தமக்கையை விளித்த விளி சிந்திக்கத்தக்கது. நம் குலம் செய்த தவத்தின் பயன்போல்வீர் என்னும் கருத்துப்பட அவர் பேசுகின்றார். குலம் என்னும் சொல் இங்கே பெருமைக்காக வரவில்லை. குலம் ஈட்டியது யாவும் ஒரு பெண்ணின் வடிவில் எஞ்சி நிற்கின்றது என்னும் உணர்விலே வருகின்றது. திலகவதியார், இத்தனை ஆண்டு எங்கிருந்தாய் என்று கேட்கவில்லை, எழுக என்றார். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின்பு, கோயிலிற் றிருப்பள்ளியெழுச்சிக்கு முன் செய்யவேண்டிய பணிக்காகத் திருவலகும் மெழுகுதற்குரிய சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடனழைத்துச் சென்றார். தம்பி மீண்டுவந்த அந்த விடியற்பொழுதிலும் அன்றாடப் பணி நின்றுபோகவில்லை. மீட்சிக்கெனத் தனிச்சடங்கு எதுவுமில்லை, நாள்தோறும் நிகழ்வதில் அவருக்கும் இடம் அளிக்கப்பட்டது, அவ்வளவே. பிற்காலத்தில் நாவுக்கரசர் கையில் என்றும் நீங்காதிருந்த உழவாரப்படை, தமக்கையார் கைத் திருவலகின் தொடர்ச்சியன்றி வேறன்று. அவர் வீட்டினின்றும் பெற்றது ஒரு தொழிலையே. நம்பிக்கை அத்தொழிலின் உள்ளே இருந்தது.

இவ்விடத்தில் அவர் பாடிய முதற்பதிகத்தில், உரைகாண்பார்க்கு இடர்தரும் ஒரு கூற்று உண்டு. நீரையும் மலரையும் தூபத்தையும் தாம் மறந்ததில்லை, தமிழோடு கூடிய இசைப்பாடலையும் மறந்ததில்லை, இறைவன் பெயரையும் மறந்ததில்லை என்னும் பொருள்பட அவர் பாடுகின்றார். பல்லாண்டு சமணராயிருந்தவர் இவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? சமணஞ் சாருமுன் செய்த வழிபாட்டைக் குறித்தார் எனலாம். முற்பிறப்புத் தவத்தைக் குறித்தார் எனலாம். இனி மறவேன் என்னும் உறுதியைக் குறித்தார் எனவுங் கூறலாம். முதலாவது, பதிகத்தின் முறையீட்டுக்கு வலிமை தாராது. இரண்டாவது, சேக்கிழார் கூறும் கனவோடு பொருந்தும். எனினும் பாடுபவர் அக்கனவை அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றில்லை. மூன்றாவது, சொல்லின் காலத்தை மாற்றுகின்றது.

நான்காவதாக ஒன்று கூறலாம். அவர் மறந்திருந்த ஆண்டுகளில் நீரும் மலரும் தூபமும் நின்றுபோகவில்லை. திருவதிகையில் ஒருவர் அவற்றை நாள்தோறும் ஏந்தி நின்றார்; ஏந்தியது தம்பியின் பொருட்டு. அன்று விடியலில் அக்கோயிலின் மெழுகிய தரையையும் புதுமலரையும் கண்ட தம்பிக்கு, அவை தம் வீட்டிற் றொடர்ந்துவந்த செயலாகவே தோன்றியிருத்தல் கூடும். நான் மறந்திலேன் என்று அவர் கூறியது பொய்யன்று. வீடு மறக்கவில்லை, வீட்டை மீண்டும் தமதாக்கிக்கொண்டவர்க்கு அம்மறவாமையும் தமதாயிற்று. இலக்கண வழியில் அங்கே நிற்பது தன்மை ஒருமை என்பது மெய்யே. ஆயின், சற்று முன்னரே நம் குலம் என்று பேசியவராகச் சேக்கிழாராற் காட்டப்பட்டவரே இங்ஙனம் பாடுகின்றார். புராணத்தையும் பதிகத்தையும் சேர்த்துப் படிப்பார்க்கு இப்பொருள் வலிந்து கொள்வதாகத் தோன்றாது. ஒருவன் மறந்திருக்குங் காலத்தில் மற்றொருவர் அவனுக்காக நினைந்திருத்தலே வழிவழிச் சமயம். சேக்கிழார் குறிப்பாற் கூறிய மூன்றாவது விடை இதுவேயாம்.

அங்ஙனமாயின், மீண்டவர் பழையதை அப்படியே ஏற்றுக்கொண்டாரா எனின், இல்லை. கோத்திரத்தையும் குலத்தையும் கைக்கொண்டு என்ன பயன் என்று சாத்திரம் பேசுவோரை நோக்கி வினவியவர் அவரே. அன்பில்லையேற் கங்கையாடியும் காவிரியாடியும் பயனில்லை என்றவரும் அவரே. உடல் அழுகிய தொழுநோயராய், புலையராய் இருப்பினும் சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுள் என்று பாடியவரும் அவரே. திங்களூரில் அந்தணராகிய அப்பூதியடிகள், வேளாளர் குடிப்பிறந்த இவரைக் காணுமுன்னரே குருவாகக் கொண்டு, தம் மக்களுக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் இவர் பெயரையே இட்டார். குலத்தின் தவப்பயனை வணங்கி மீண்டவர், குலத்தைத் தகுதியாகக் கொள்ள மறுத்துவிட்டார். இது முரண்பாடன்று. பெற்ற செல்வத்தைப் பேணுதல் வேறு. பிறர் அதனை அணுகாதவாறு கதவடைத்தல் வேறு. 1968 இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபட உரிமை வேண்டி ஒரு சாரார் அறப்போர் செய்யவேண்டியிருந்தது. தேவாரம் ஓதப்படும் வாயிலிலே தேவாரம் பாடியவரின் வினா விடையின்றி நின்றது. முன்னோர் சமயத்தைக் காக்கின்றோம் என்போர் தாம் காப்பது திருவலகையா, தாழ்க்கோலையா என்று தம்மைத்தாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

சேக்கிழாரிடத்துக் குறையே இல்லையோ எனின், உண்டு. சமணரை அவர் காட்டும் காட்சியில் நடுநிலை இல்லை. நீற்றறை, நஞ்சு, யானை, கல் என்று விரியும் துன்பங்களின் பகுதியில் எதிர்த்தரப்பினர் ஒருவர்க்கேனும் நன்மனம் காட்டப்படவில்லை. சோழ மன்னன் சீவகசிந்தாமணியிற் றிளைத்திருந்தமையால் அவனை மீட்கவே பெரியபுராணம் எழுந்தது என்று சேக்கிழார் புராணம் கூறும். அங்ஙனமாயின், பூசலின் வெப்பம் காவியத்திற் படிந்தது வியப்பன்று. இன்று படிப்பார் அவ்வெப்பத்தை இரவல் வாங்கவேண்டியதில்லை. சைவ மாணவன் இலக்கணங் கற்பது சமணராகிய பவணந்தியாரின் நன்னூலைக்கொண்டே. தன் வீட்டை நேசித்தற்கு அயல்வீட்டைப் பழித்தல் வேண்டுவதில்லை. திலகவதியார் தம்பியைப் பழித்தாரென ஒரு சொல்லையேனும் சேக்கிழார் கூறவில்லை; அந்தப் பண்பே அவர் காவியத்துட் சிறந்த சமயநெறி.

மற்றொன்றும் கூறல் வேண்டும். திருத்தொண்டர் அறுபத்துமூவருள் திலகவதியார் பெயர் இல்லை. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் அவர் தனியே எண்ணப்படவில்லை. எண்ணப்படாத ஒருவர்க்குச் சேக்கிழார் தம் காவியத்தில் இத்துணை இடமளித்தார். காப்பவர் பெயர் கணக்கில் ஏறுவதில்லை என்பதும், கணக்கில் ஏறாதவரின்றிக் கணக்கே இல்லை என்பதும் அப்புலவர் அறிந்த உண்மைகள்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடிச் சோழநாடு செல்லவேண்டியதில்லை. செட்டிகுளத்தைக் கடந்து மன்னார் நோக்கிச் செல்லும் அதே சாலை, மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரத்துக்கும் வழியாகும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தின் கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. 1872 இல் நாவலர் அதனை மீட்டெடுக்க வேண்டுமென எழுதினார். 1893 இல் நிலம் சைவர் கைக்கு மீண்டது. 1976 இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வழிபடக் கோயில் இல்லை. கோயில் இருந்த இடமும் காடாயிற்று. எஞ்சியவை இரண்டு பதிகங்கள். கோயிலைக் கண்டிராத வாய்கள் அவற்றை ஓதிவந்தமையால், மீள விரும்பியோர்க்கு மீளும் இடம் எதுவென்று தெரிந்திருந்தது.

2009 இற் போர் முடிந்த காலத்தில், செட்டிகுளம் பகுதியிலுள்ள மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செத்தெம்பரில் இறுதி முகாம் மூடப்பட்டது. ஊரையும் குளத்தையும் கோயிலையும் விட்டுவந்தோர் அவர்கள். அவ்வளவு இழப்புக்குப் பின், இறைவன் எங்கே இருந்தான் என்று ஒருவன் வினவுவானாயின், அவனை நாத்திகன் என்று பழித்தல் எளிது. அவனுக்கு வாதத்தால் விடையிறுத்தல் அரிது. மருணீக்கியாரையும் இழப்பே தேடவைத்தது. அடுத்தடுத்து மூன்று சாவுகளைக் கண்ட சிறுவனே பின்பு நிலையாமையை நினைந்து புறப்பட்டான் என்பதை மறத்தலாகாது. அவ்வாறு புறப்படுவோர்க்குச் செய்யத்தக்கது திலகவதியார் செய்ததே. வினாவைத் தடுத்தல் வேண்டா. பின்தொடர்ந்து சென்று மன்றாடலும் வேண்டா. விடியுமுன் எழுந்து தம் பங்கைச் செய்து, கதவைத் திறந்து வைத்திருத்தல் போதும்.

புறப்பட்டவர்களுள் மீளாதோரும் உளர். அதனாற் காப்பவர் பணி வீணாகாது. தம்பி வருவார் என்னும் உறுதி கனவில் வருமுன்னரும் திருவதிகையில் நாள்தோறும் அலகிடப்பட்டது. வான் பொய்த்த ஆண்டிலும் குளக்கட்டைக் கட்டுதல் உழவன் கடன். நீர் வருவது வேறொருவர் கையிலுள்ளது.